பேரு ஆண்டவருக்குத் தெரியும்

இப்போ ஜன்னல் வழியாக என் பிள்ளையைத் தூக்கி உங்க மடியில் கொடுத்தாளே ஒரு பொண்ணு, அவளை உங்களுக்குத் தெரியுமாம்மா?

தெரியாதா? நீங்களும் இந்த ஆலடிக்குளம் ஸ்டாப்பில்தானே எனக்கு முன்னாடி ஏறினீங்க, அதனால் கேட்டேன். மகளைக் கட்டிக் கொடுத்த ஊரா? அப்போ அடிக்கடி வந்து போவீங்க. சரி சரி. பிள்ளை கனக்கிறாளா? இங்கே கொடுங்க. ஜெமி, அம்மாகிட்ட வா. வரமாட்டாளாம். புது ஆள் மடி என்றால் அவளுக்கு அப்படி ஒரு சுகம். உங்க சேலையில் பிஸ்கட் தூள் உதிர்ந்தால் என்னைத் திட்டக்கூடாது, ஆமாம்.

அவள் பேர் முப்பிடாதி. என்கூடக் கம்பெனியில் வேலை பார்த்தவள். சட்டை தைக்கிற கம்பெனி, வெளிநாட்டுக்குப் போகிற சட்டை. காலையில் ஊர் ஊராக வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் அங்கே செக்கர். தைத்து முடித்த சட்டை கடைசியில் என் மேஜைக்கு வரும். திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே நூல் தூக்கிக்கொண்டு நிற்கிறதோ, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர்கள் குறையில் அம்பு ஒட்டுகிற வேலை. எங்க வீட்டுக்காரர் ஆசீர் சொல்லுவார், உனக்குன்னே தேடிப் பிடிச்ச வேலைட்டி இது என்று. சிரிக்கிறீங்க பாருங்க. நானும் சிரிப்பேன். வீட்டில், வேலையில், எங்கே என்றாலும் நான் சிரித்துக்கொண்டே இருக்கிற ஆள்தான். இன்றைக்குத்தான் கொஞ்சம் முகம் சரியில்லை.

நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். நான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன், அதற்கு மேல் பெரிய விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொன்னால் பிடித்துக்கொள்வேன். போன வருஷம் வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதுமா, திங்கட்கிழமை நீ வேலை பார்க்கிற இடத்தில் யார் உன்னைப் பார்த்து ஆண்டவரைத் தெரிந்துகொண்டது என்று கேட்டார். எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு என்னவோ என்னையே பார்த்துக் கேட்டமாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து பாருங்க, நான் ஆளே மாறிவிட்டேன். தோழிகள் தைத்த சட்டை என்று ஸ்டிக்கர் ஒட்டாமல் தள்ளிவிடுவேன் முன்னாடியெல்லாம். அதை நிறுத்தினேன். டீக்கு விட்டால் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே மேஜையில் நிற்பேன். ஒருத்தி கம்மல் பாத்ரூமில் கிடந்தது, எடுத்து ஆபீஸில் கொடுத்தேன். புறணி பேசுகிறதையும் விட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. என்றாலும் விட்டேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமை ஜெபம். அதை ஆரம்பித்ததே நான்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பத்து நிமிஷம், சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால். முதலில் நாங்கள் மூன்று பேர். அப்புறம் பதினொரு பேர் ஆகிவிட்டோம். எங்க லைனுக்கு சூப்பர்வைசர் சுகிர்தா மேடமே வந்து உட்கார்ந்தார்கள் என்றால் பார்த்துக்கோங்க. அதனால் ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படி நடக்கும் என்றால், முதலில் ஒரு பாட்டு, மெதுவாக. அப்புறம் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். குறிப்பு என்றால், என் வீட்டில் இன்ன கஷ்டம், எனக்காக ஜெபியுங்க என்று சொல்கிறது. கடைசியில் எல்லாக் குறிப்பையும் சேர்த்து ஒருத்தர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். அது எப்போதும் நான்தான். எனக்கு நல்லா வரும். நான் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லுவார்கள், எப்சிபா ஜெபித்தால் மனசு இளகிவிடும் என்று.

முப்பிடாதி கம்பெனியில் சேர்ந்தது அப்போதுதான். எங்க சபை இல்லை, ஜெபத்துக்கு வருகிறதில்லை. காலர் மெஷினில் உட்கார வைத்தார்கள். காலர் தைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை அம்மா, முனை திருப்புகிற இடத்தில் கை தெரிந்தவர்களே சொதப்புவார்கள். இவள் வந்த ரெண்டாவது வாரத்திலேயே என் மேஜைக்கு வருகிற காலரில் அம்பு ஒட்ட இடமே இல்லை. நானும் விடாமல் தேடுவேன். ஒருநாள் போய், ஏ பிள்ள, எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிருவே போலிருக்கே என்று சொன்னேன். சிரித்தாள். அப்படித்தான் பழக்கம்.

ஜெமி, அந்த அம்மா கண்ணாடியைப் பிடித்து இழுக்கக்கூடாது. கையை எடு.

என்ன சொன்னேன்? ஆமாம். பத்து மணி டீக்கு எல்லாரும் கேன்டீன் பக்கம் போவோம், இவள் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போவாள். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். கவனிக்கிறதுதானே என் வேலை. ஒருநாள் பின்னாலேயே போனேன். உள்ளங்கையில் ஒரு மாத்திரை. நான் அவள் மாசமாக இருக்கிறாள் என்று நினைத்து, என்ன பிள்ள, எத்தனை மாசம் என்று கேலி பண்ணினேன். முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

வலிப்பு. எட்டாவது படிக்கும்போது வந்ததாம். பெரியாஸ்பத்திரி டாக்டர், மாத்திரையை விடாமல் போட்டால் எல்லா வேலையும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ரெண்டு வருஷமாக ஒருதடவைகூட வரவில்லை. ஆனால் இதற்கு முன்னால் செல்போன் கடையில் ஒருதரம், அப்புறம் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலையில் ஒருதரம், விஷயம் தெரிந்ததும் அன்றைக்கே போ என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன்காரனும் அதைச் சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனான். ஒரு பெண்பிள்ளை இருக்கிறது, நம்ம ஜெமி வயசுதான். அவளுக்கு அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற இடம் ஒன்றுதான் கையில் இருந்தது. அதனால் கம்பெனி ஃபாரத்தில் நோய் ஏதும் உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டாள்.

எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. பொய் எழுதியிருக்கிறாளே என்று. ஆனால் அவள் அழுதபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. சத்தியம் பண்ணுங்க."

"நாங்க சத்தியம் பண்ணக் கூடாது பிள்ள. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்தான்."

"அப்ப உங்க சாமிகிட்ட மட்டும் சொல்லுங்க."

பார்த்தீங்களா? அவள்தான் சொன்னாள். சாமிகிட்ட சொல்லுங்க என்று அவள்தான் வாயைத் திறந்து சொன்னாள். இதை நான் எனக்குள்ளே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன் அம்மா. அவள்தானே சொன்னாள்.

வீட்டில் தினமும் அவளுக்காக ஜெபித்தேன். அதில் பொய் இல்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு, அது கொதிக்கிறதுக்குள்ளே ஜெபிப்பேன். காலையில் லைனில் நுழைந்ததும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மாத்திரை போட்டியா என்று கண்ணாலேயே கேட்பேன். போட்டுட்டேன் என்று தலையாட்டுவாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். போதகர் கேட்டாரே, உன்னைப் பார்த்து யார் தெரிந்துகொண்டது என்று, அதற்கு எனக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு மாசம் போயிருக்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. குறிப்பு சொல்லிக்கொண்டே வருகிறார்கள். ஒருத்திக்குப் புருஷன் குடி. இன்னொருத்தி தங்கச்சிக்கு மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை. இன்னொருத்தி அப்பாவுக்குக் காலில் புண், காலையே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் அழுகிறார்கள். அடுத்து என் முறை. எனக்கு என்ன இருக்கிறது? ஆண்டவர் புண்ணியத்தில் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், குடிக்க மாட்டார். பிள்ளைக்குச் சளி. நாலு வாரமாக நான் பிள்ளைக்குச் சளி என்றுதான் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரமே ஒருத்தி, எப்சிபா பிள்ளைக்குச் சளி இன்னும் போகலையா என்று கேட்டு மற்றவள் சிரித்துவிட்டாள். ஜெபக் கூட்டம் நடத்துகிறவளுக்கு ஒரு பாரமும் இல்லை என்றால் நல்லாவா இருக்கிறது?

அதனால் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளாதீங்க. பாரம் இருந்தது. அவளை நினைத்துப் பாரம் நிஜமாகவே இருந்தது.

பேர் சொல்லவில்லை. இதை நீங்க நல்லாக் கேட்டுக்கணும். பேரை நான் சொல்லவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக ஜெபிக்கும்போது சொன்னேன். ஆண்டவரே, எங்கள் லைனில் காலர் மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரி, பேரு உமக்குத் தெரியும், எங்களுக்குத் தெரிய வேண்டாம், ஒரு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, எப்போது வலிப்பு வருமோ என்று பயந்து பயந்து, மாத்திரையை மறைத்து மறைத்துப் போட்டுக்கொண்டு தைக்கிறாளே, அவள் மேல் மனதிரங்கும் என்று. எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. டிபன் டப்பா மூடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. மற்ற பத்துப் பேரும் மூச்சை விடாமல் கேட்கிறார்கள். அப்படி ஒரு ஜெபம் நான் அதற்கு முன்னாடி ஜெபித்ததில்லை. நல்லா இருந்தது அம்மா. உங்ககிட்ட என்ன மறைக்கிறது, எனக்கு நல்லா இருந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிரே வசந்தா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்க லைனில் காலர் மெஷின் மொத்தம் ரெண்டுதான். ஒன்றில் வசந்தா அக்கா. அவர்களுக்கு ஐம்பது வயசு, பேரப்பிள்ளை எடுத்தாச்சு. எனக்கு அது அந்த நிமிஷம்தான் தெரிகிறமாதிரி இருந்தது. தினமும் பார்க்கிற மெஷின். சட்டையில் ஒரு நூல் தூக்கினால் கண்ணில் படுகிறது, இது படவில்லை.

சுகிர்தா மேடம் போகும்போது என் தோளைத் தட்டி, நல்ல பாரத்தோட ஜெபிச்சே எப்சிபா என்றார்கள். நான் அதை நம்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஆசீரிடமும் சொன்னேன், மேடம் இப்படிச் சொன்னாங்க என்று.

திங்கட்கிழமை காலையில் முப்பிடாதியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். காலர் மெஷினுக்குப் போகவில்லை. பேக்கிங் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக்குள் அட்டை சொருகச் சொல்லிவிட்டார்கள். அவள் மெஷின் காலியாகக் கிடந்தது. அவள் போட்டு உட்காருகிற சின்னத் தலையணை, நாற்காலி மேலேயே இருந்தது.

சுகிர்தா மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. நாளைக்கு ஊசியில கையக் குடுத்தா, மயங்கி விழுந்து தலையில அடிபட்டா, தெரிஞ்சும் சும்மா இருந்தியான்னு என்னையத்தான் கேப்பாங்க எப்சிபா, என் மனசாட்சி என்னாகும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வாயிலிருந்து தெரிந்துகொண்டதை அவர்கள் என்ன செய்வார்கள்?

மத்தியானம் முப்பிடாதி என்னைத் தேடி வந்தாள். நான் கை கழுவுகிற குழாயடியில் நின்றேன். கழுவிய கையையே கழுவிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல பிள்ள. ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

"ஆண்டவர்கிட்ட சொல்ல அம்புட்டு சத்தமாவா சொல்லணும்?"

அவளுக்கு யாரோ எல்லாம் சொல்லிவிட்டார்கள். கிண்டலாகத்தான் கேட்டாள் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எங்கள் ஜெபத்தைக் கேலி பண்ணுகிறாளே என்று. இவ்வளவு பேர் உனக்காக அழுதோமே, அது கணக்கில்லையா என்று கேட்க வாய் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

தண்ணீர் பாட்டில் எடுத்துத் தரட்டுமா? பிள்ளை உங்க பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஜெமி, ஒரு மடக்குதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் தெரியாமல் பண்ணிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேளுங்க. மேனேஜர் சார் அவளை ஒரேயடியாகப் போகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன். காலர் தைக்க ஆள் கிடைக்கிறதும் கஷ்டம். அவர் என்ன சொன்னார் என்றால், டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா, வேலை பார்க்கலாம் என்று. அதோடு லைனில் ஒருத்தர், நான் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்கிறேன், மாத்திரை போட்டாளா என்று தினமும் பார்த்துக்கொள்கிறேன், ஏதாவது என்றால் உடனே சொல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். நான் ஏற்கெனவே கண்ணாலே தினமும் செய்துகொண்டிருந்த வேலைதான்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கடிதத்தோடு வந்தாள். பிளாஸ்டிக் கவரில் மடங்காமல் வைத்திருந்தாள். வேறே யாரிடமும் போகவில்லை. நேராக என் மேஜைக்குத்தான் வந்தாள். அவ்வளவு ஆன பிறகும் என்னிடம்தான் வந்தாள், பார்த்துக்கோங்க.

"நீங்க கையெழுத்துப் போடுவீங்களாக்கா?"

நான் உடனே போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு அம்மா. பொண்ணு பார்க்க வந்தாலும், வீடு வாங்கினாலும், வேலை மாறினாலும், ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுவோம். நல்ல பழக்கம்தான். அவசரப்பட்டு ஒன்றில் போய் விழாமல் இருப்போம். அது வாயில் தன்னாலே வந்துவிட்டது.

"ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன் பிள்ள."

"சரிக்கா" என்றாள். கவரை மறுபடியும் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஆசீரிடம் சொன்னேன். அவர் தட்டில் கையை வைத்தபடியே, கையெழுத்தெல்லாம் போட்டு மாட்டிக்கிடாத, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னத் தூக்கி வெளியே போடுவாங்க என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் அது அவர் நினைப்பாகிவிட்டது. எனக்கு லேசாகிவிட்டது.

புதன்கிழமை அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அட்டை சொருகிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். நான் சட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நூல் தேடுவேன். டீக்குக்கூட மறுபக்கம் கேன்டீன் வாசல் வழியாகப் போனேன். வியாழக்கிழமை சாயங்காலம் வேன் ஏறுகிற இடத்தில் பிடித்துவிட்டாள்.

"ஜெபிச்சீங்களாக்கா?"

"ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் பதில் வரல."

"நாளைக்குக் காலையிலயே கேட்டுச் சொல்லச் சொன்னாங்கக்கா."

"வரும் பிள்ள. பொறு."

வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவள், யாரு, உனக்குச் சொந்தமா என்று கேட்டாள். இல்லை, தெரிந்த பிள்ளை என்றேன்.

உங்களை யார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஊரில் இறங்கிவிடுவீங்க. அதனால் சொல்கிறேன். அந்த மூன்று நாளும் நான் ஜெபிக்கவே இல்லை அம்மா. சும்மா சொன்னேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஜெபித்தேன், பிள்ளைக்கு, ஆட்டோவுக்கு, ஊரில் மழைக்கு. அவள் விஷயம் வந்ததும் ஆமென் என்று முடித்து எழுந்துவிடுவேன். முழங்காலில் நின்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு நல்லாத் தெரியும். தெரிந்த பதிலைக் கேட்கப் பயந்துகொண்டு மூன்று நாள் உலை கொதிக்கிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை ஆசீரிடம்கூடச் சொன்னதில்லை. எங்க போதகரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்டூலில் வேறே ஒருத்தி இருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வழக்கம்போல உட்கார்ந்தோம். வசந்தா அக்கா குறிப்பு சொன்னார்கள். வேலை போன சகோதரி முப்பிடாதிக்காக, ஆண்டவர் அவளுக்கு ஒரு நல்ல வழியைத் திறக்கணும் என்று. இப்போது பேர் சொன்னால் ஒன்றும் இல்லையே, போய்விட்டாளே. நான் ஜெபித்தேன். நல்ல வழியைத் திறந்தருளும் என்று ஜெபித்தேன். நான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் திறந்திருக்கிற வழி. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அதற்கப்புறம் குழு நடக்கிறது. நான்தான் நடத்துகிறேன். குறிப்பு மட்டும் இப்போது நான் சொல்கிறதில்லை, பிள்ளைக்குச் சளி என்று சொல்லிவிடுகிறேன். இந்த நாலு மாசத்தில் ஒரே ஒரு தடவை மேனேஜர் சாரிடம் போய், சார், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். அந்த மெஷினுக்கு ஆள் போட்டாச்சும்மா என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு எங்கேயோ ஒரு மூலையில் நிம்மதி வந்தது. கேட்டாச்சு என்று. பார்த்தீங்களா என் லட்சணத்தை.

இன்றைக்குக் கம்பெனி லீவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விசாரித்து விசாரித்து அவள் வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்தேன். நான் ஜெபிக்கவில்லை முப்பிடாதி, பொய் சொன்னேன், மன்னிச்சிரு என்று. கம்பெனிக்குப் போகிற வேனிலேயே உட்கார்ந்து பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதும் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தேன்.

மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். காலர் முனை திருப்பின அதே விரல், அதே வேகம். என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். வாங்கக்கா, பிள்ள வளந்துட்டாளே என்று ஜெமியை வாங்கிக்கொண்டாள். அவள் அம்மாவிடம், எங்க கம்பெனி அக்கா, எனக்கு அங்க இவங்கதான் எல்லாம் என்று சொன்னாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மா உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாள், லைன மூடிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்களும் அப்படியே சொல்லிருங்க என்று. அந்த அம்மா எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். ஆரஞ்சுக் கலர். ரெண்டு பிள்ளைகளும் பீடி கட்டுகிற நூலை வீடு முழுக்க இழுத்து விளையாடின. அவள் அதுகளைத் திட்டாமல், மறுபடியும் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன பேசினேன் தெரியுமா? வீட்டோடு வேலை என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வசதிதான் என்றேன். வேனுக்கு ஓட வேண்டாம் பாரு என்றேன். எல்லாம் ஒரு நன்மைக்குத்தான் நடக்கும் என்றேன். சொல்லச் சொல்ல அவள் விரல் நின்றது. அப்புறம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். பீடித் தூள் காற்றில் ஏறி எனக்கு இருமல் வந்தது. அவள் அம்மா விசிறி எடுத்துக் கொடுத்தார்கள். மாத்திரை ஒழுங்காப் போடுறியா என்று வாயசைத்துக் கேட்டேன். போடுகிறேன் என்று தலையாட்டினாள். பழையபடியே தலையாட்டினாள். எனக்கு அங்கேயே விழுந்து அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் சிரித்துவிட்டேன். சிரிப்புத்தான் எனக்கு முதலில் வரும், என்ன செய்ய.

ஸ்டாப்புக்குக் கூடவே வந்தாள். ஜெமியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன். பஸ் அந்த வளைவில் தெரிந்துவிட்டது. இனிமேல் எப்போது சொல்லப் போகிறேன்? அவள் கையைப் பிடித்தேன். வந்தது என்ன? பழக்கத்தில் வருகிறதுதான் வந்தது.

"ஒனக்காகத் தெனமும் ஜெபிக்கேன் முப்பிடாதி."

அது பொய் இல்லை அம்மா. அவள் போன நாளிலிருந்து ஒருநாள் விட்டதில்லை.

அவள் கோபமாகப் பார்க்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். என் கையை எடுத்துவிடவும் இல்லை. ஒன்று கேட்டால் செய்வீங்களாக்கா என்றாள். செய்கிறேன், கேளு என்றேன். கம்பெனியில் திரும்பப் பேசச் சொல்லுவாள் என்று நினைத்தேன். பேசியிருப்பேன். கையெழுத்தும் போட்டிருப்பேன், ஜெபிக்காமலே போட்டிருப்பேன். அவள் ஜெமியின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க எப்ப வேணாலும் வீட்டுக்கு வாங்கக்கா. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, ஒரு நாள் இருந்து சாப்ட்டுட்டுப் போங்க. ஆனா ஜெபத்துல மட்டும் எம் பேர எடுக்காதீங்க. மனசுக்குள்ளகூட வேண்டாம்."